வித்துரா சந்திப்பில் ஒரு பந்தி



பள்ளி விடுமுறை வந்தவுடன் பொன்முடி மலையைப் பார்க்க வேண்டுமென்று உங்கள் பிள்ளைகள் கேட்டிருக்கலாம். சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாக வாழும் குடும்பங்களுக்கு, மேகம் காலடியில் நடந்து போகும் ஓர் இடத்தை ஒருமுறையேனும் காண்பது ஆறுதல்தான். திருவனந்தபுரம் இரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே தம்பானூர்ப் பேருந்து நிலையம். அங்கிருந்து நெடுமங்காடு ஏறக்குறைய 18 கிலோமீட்டர். அதற்கப்பால் சுள்ளிமானூரில் சாலை இரண்டாகும். ஒன்று பாலோடு, குளத்துப்புழை, தென்மலை வழியாக நம்முடைய செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் போகிறது. மற்றொன்று தொளிக்கோட்டைக் கடந்து வித்துராவை அடைகிறது. வித்துராவுக்கு அப்பால் கல்லாறு. கல்லாற்றிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள். அதன்மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி.

மலைக்குப் போகிறவர்கள் வித்துராவை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறும் தயிர்ச்சோறும் வண்டிக்குள் இருக்கிறது. குடிநீரும் நகரத்திலேயே வாங்கிக்கொண்டாயிற்று. பின் எதற்காக இறங்க வேண்டும்? நான் உங்களுக்குச் சொல்லுவது இதுதான்: இறங்குங்கள். அந்தச் சந்திப்பில் பார்க்கத்தக்க கட்டடமோ சிலையோ ஒன்றுமில்லை. ஒரு பேருந்துப் பணிமனையும், சில துணிக்கடைகளும், மிளகும் பாக்கும் வாங்குகிற மலைச்சரக்குக் கடைகளும், ஆட்டோ நிறுத்தமும்தான் உண்டு. ஆனால் அங்கே சாயக்கடைகள் இருக்கின்றன. பலகைப் பெஞ்சு போட்ட, சுவரில் பழைய நாட்காட்டி தொங்குகிற, வாசலில் வாழைக்குலை கட்டியிருக்கிற ஒரு சாயக்கடைக்குள் குடும்பமாய்ச் சென்று அமருங்கள்.

நம்முடைய வாசகர்களில் மென்பொருள் வேலைக்கும் கப்பல் வேலைக்கும் ஜப்பான் சென்றவர்கள் உண்டு. அவ்வாறு சென்ற சபைப் பிள்ளை ஒருவன், அந்நாட்டின் தெருமுனைகளிலுள்ள ராமென் கடைகளைப் பற்றி எனக்கு எழுதியிருந்தான். வாசலில் ஒரு துணித்திரை. உள்ளே எட்டுப் பத்துப் பேர் மாத்திரம் உட்காரக்கூடிய நீண்ட மேடை. எதிரே அடுப்பில் கொதிக்கும் சாறு. வாசலிலுள்ள இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுத்து, அதைச் சமையற்காரரிடம் கொடுத்தால், கிண்ணம் நிறைய ஆவி பறக்கும் நூலுணவு வரும். உறிஞ்சும் ஓசை அங்கே மரியாதைக் குறைவு ஆகாது. கூடுதலாகக் கையில் எதையும் கொடுக்கும் வழக்கமுமில்லை. "ஐயா, பக்கத்தில் இருக்கிறவர் கம்பெனி அதிகாரியோ கூலிக்காரரோ தெரியாது. எல்லாரும் ஒரே வரிசையில் குனிந்து சாப்பிடுகிறார்கள்" என்று எழுதியிருந்தான். அதை வாசித்தபோது எனக்கு வித்துராவின் நினைவு வந்தது.

நூலுணவு என்றால் நமக்குப் புதிதோ? காலையில் வித்துராக் கடைக்குள் நுழைந்தால் ஆவியில் வெந்த இடியப்பம் வட்டமாய் அடுக்கியிருக்கும். அரிசிமாவைக் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, சேவநாழியில் இட்டுப் பிழிந்து, நூல் நூலாய் இறக்கி வேகவைக்கிறார்கள். தமிழ்நாட்டில் நாம் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றி அதை இனிப்பாய் உண்கிறோம். இவர்களோ கடலைக்கறியோ முட்டைக்கறியோ சேர்த்து உண்கிறார்கள். முதல் கவளத்தில் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். மூன்றாவது கவளத்தில் இன்னொன்று கேட்பார்கள். சிரட்டையில் அவித்த புட்டும் கிடைக்கும். புட்டைப் பழத்தோடு பிசைவதா, கடலைக்கறியோடு பிசைவதா என்பது அவ்வூராரிடையே முடிவு காணாத வழக்கு. அதில் நீங்கள் தலையிட வேண்டாம்.

மேசைமேல் வைக்கப்படும் நீர் இளஞ்சிவப்பாய் இருப்பதைக் கண்டு அஞ்சாதிருங்கள். பதிமுகக் கட்டையைப் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் அது. பிற்பகல் நான்கு மணியளவில் ஏத்தக்காயப்பம் எண்ணெயிலிருந்து எழும்பும். நேந்திரம் பழத்தை நீளமாய்க் கீறி மாவில் தோய்த்துப் பொரித்த அதை, கேரளத்தின் மற்றப் பகுதிகளில் பழம்பொரி என்பார்கள். பணியாளரை அழைப்பதற்கு நம்மவர்கள் மலையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு 'சேட்டா' என்று கூப்பிடுவதுண்டு. திருவனந்தபுரத்துக்காரர்கள் தங்களுக்குள் பெரும்பாலும் 'அண்ணா' என்றுதான் அழைத்துக்கொள்ளுகிறார்கள். நீங்களும் உங்கள் சொந்தச் சொல்லாலேயே அழைக்கலாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லைகள் பிரிக்கப்படும் வரையில் கல்குளத்தாரும் விளவங்கோட்டாரும் நெடுமங்காட்டாரும் ஒரே அரசின்கீழ் வாழ்ந்தவர்கள் அல்லவா!

ஆயினும் நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் உணவு இடியப்பமல்ல, கப்பை. நாஞ்சில் நாட்டார் மரச்சீனி என்பார்கள். மற்றவர்கள் மரவள்ளிக் கிழங்கு என்பார்கள். கிழங்கைத் துண்டாக்கி அவித்து, அந்த நீரை வடித்துவிட்டு, தேங்காயும் பச்சைமிளகாயும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்துக் கிளறி, தட்டில் ஒரு குன்றுபோல் வைத்து, அருகில் சிவந்த மீன்கறியை ஊற்றித் தருகிறார்கள். நீரை வடிப்பதற்குக் காரணம் உண்டு. இக்கிழங்கிற்குள் இயற்கையாகவே சயனைடு நஞ்சாக மாறக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. கசப்பு வகைகளில் அது மிகுதி. நறுக்கி வேகவைத்து நீரை மாற்றும்போது அது பெருமளவு குறைந்துபோகிறது. எழுத்தறியாத தாய்மார் இந்த முறையைத் தலைமுறை தலைமுறையாய்க் கைக்கொண்டு வந்தார்கள். இன்று திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில், 1963-இல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இதே கிழங்கின் நல்ல வகைகளை உருவாக்கித் தருகிறது.

இக்கிழங்கு இம்மண்ணின் பயிரல்ல என்பதை அறிவீர்களோ? தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கீசியரின் கப்பல்களில் கடல் கடந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சகாலத்தில் ஏழைகளுக்கு உதவும் என்று கருதி இதன் சாகுபடியை ஊக்குவித்தார். ஜனங்கள் அஞ்சினபடியால் அரண்மனையிலேயே சமைக்கச் செய்து உண்டு காட்டினார் என்றும் சொல்லுவார்கள். அது மெய்யோ கதையோ, வேறு தேசத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு கிழங்கு, வந்த இடத்தின் ஏழைகளைக் காப்பாற்றியது என்பது மெய்.

காப்பாற்றியது என்று நான் அலங்காரத்திற்காகச் சொல்லவில்லை. அக்காலத்துத் திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியை விளைவிக்கவில்லை. தென்னையும் ரப்பரும் தேயிலையும் மிளகும் விளைவித்து விற்று, அரிசியைப் பெரும்பாலும் பர்மாவிலிருந்து கப்பலில் வரவழைத்தது. 1942 மார்ச் மாதத்தில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. கப்பல்கள் நின்றன. பணம் வைத்திருந்தவர்களுக்கும் அரிசி இல்லை என்ற நிலை வந்தது. பணமில்லாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பங்கீட்டு அட்டை வந்தது. கடலோரப் பகுதிகளில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அந்நாட்களில் மலையடிவார ஊர்களில் அடுப்பை எரியவைத்தது கப்பைதான். காலையிலும் கப்பை, மாலையிலும் கப்பை. மிஞ்சினதை அவித்து உலர்த்தி மழைக்காலத்திற்குச் சேமித்துவைத்தார்கள்.

இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள். நம்முடைய அரிசிக் கப்பலைத் தடுத்த அதே ஜப்பான், 1945-இல் தோற்று விழுந்தபோது, அங்கேயும் நெல் விளைச்சல் பொய்த்தது. குடிமக்கள் பசியால் வாடினார்கள். அமெரிக்காவிலிருந்து கோதுமை மாவு வந்து இறங்கியது. இடிந்துகிடந்த நகரங்களின் கள்ளச்சந்தைகளில் கோதுமை நூலைச் சாற்றில் இட்டு விற்கும் தள்ளுவண்டிகள் முளைத்தன. குளிரில் ஜனங்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். ஒசாகாவில் அப்படிப்பட்ட வரிசையைக் கண்டதாகப் பிற்காலத்தில் சொன்ன மொமொஃபுக்கு ஆண்டோ என்பவர்தான், 1958-இல் வெந்நீர் ஊற்றியவுடன் உண்ணத்தகும் நூடுல்ஸைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் 1983-இல் மாகி என்ற பெயரில் நுழைந்து, இன்று உங்கள் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்தவுடன் கேட்கிற பொட்டலத்திற்கு அதுவே மூதாதை. ஜப்பானியரின் தெருமுனைக் கிண்ணமும் வித்துராவின் கப்பைத் தட்டும் ஒரே யுத்தத்தின் பசிக்குள்ளாகக் கடந்து வந்தவை. இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது: 1950-களில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், மரவள்ளி மாவிலிருந்தே மக்ரோனி செய்து, அரிசிப் பற்றாக்குறையுள்ள கேரளத்தார் அதை உண்பார்களா என்று சோதித்தார்கள். கப்பையைக் கப்பையாகவே உண்ணப் பழகிய ஜனங்களை அது வெல்லவில்லை.

இப்பொழுது அந்தப் பெஞ்சைச் சற்றுப் பாருங்கள். அங்கே உங்களுக்கு இடப்புறம் அமர்ந்திருப்பவர் யார்? மலைத்தேனும் மிளகும் விற்க வந்த காணிக்காரராக இருக்கலாம். அகத்தியர் மலையடிவாரத்தில் வாழும் பழங்குடி மக்கள் அவர்கள். வலப்புறம் புத்தகப்பையுடன் இருக்கும் இளம்பெண், 2008-இல் தொடங்கப்பட்டு வித்துராவில் வளாகம் அமைத்துள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் மாணவியாக இருக்கலாம். எதிரே சுமைதூக்கும் தொழிலாளி. அவரருகில் பள்ளி ஆசிரியர். ஒரே கண்ணாடி அலமாரியிலிருந்து வடை எடுக்கிறார்கள். ஒரே செய்தித்தாளைப் பக்கம் பக்கமாய்ப் பிரித்து வாசிக்கிறார்கள். அரசியலில் ஒருவரையொருவர் உரக்க மறுத்துப் பேசிவிட்டு, "ஊணு கழிச்சோ?" என்று விசாரித்தபடி எழுந்து போகிறார்கள்.

இக்காட்சி எளிதாக வந்ததல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரின் சாயக்கடைகளில், தாழ்த்தப்பட்டவர்கள் என்று தள்ளிவைக்கப்பட்டவர்கள் பெஞ்சில் உட்கார முடியாது. வெளியே தரையில் நிற்க வேண்டும். அவர்களுக்குக் கண்ணாடிக் குவளை கிடையாது, சிரட்டையில்தான் ஊற்றுவார்கள். இன்று புட்டு அவிக்கும் அதே சிரட்டைதான். அவர்கள் பொதுச்சாலையில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்று அந்தத் தடையை உடைத்தார். அவரும் அவருடைய மக்களும் நெடுமங்காட்டுச் சந்தைக்குள் உரிமையோடு நுழைந்து பொருள் வாங்கச் சென்றபோது பெருங்கலகம் மூண்டது. நீங்கள் பொன்முடிப் பேருந்தில் கடந்துவந்த அதே நெடுமங்காடுதான்! வடக்கே செறாயி என்னும் ஊரில் 1917 மே 29-ஆம் தேதி, சகோதரன் அய்யப்பன் என்பவர் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்திக் கலப்பு விருந்து நடத்தினார். அதற்காக அவருடைய சொந்த ஜாதியாரே அவரை ஒதுக்கி, 'புலையன் அய்யப்பன்' என்று இகழ்ந்தார்கள். அவர் அந்தப் பெயரை மனமுவந்து ஏற்றுக்கொண்டார். அவர் விசுவாசியல்ல; கடவுள் நம்பிக்கையே இல்லாதவர். ஆனால் பந்தியின் காரியத்தில் அவர் செய்ததை அக்காலத்துத் திருச்சபைகள் பலவும் செய்யத் தயங்கின என்பதை நாம் மறைக்கக்கூடாது. ஒரே கர்த்தரைத் தொழுதுவிட்டு, தனித்தனி இலையில் உண்டு கலைந்த சபைகள் இருந்தன.

கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சாயக்கடைப் பெஞ்சுதான் கண்முன் வருகிறது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் எழுந்து விலகினான். அவனுடைய உபதேசத்தில் பிழை ஒன்றுமில்லை. பிழை அவன் எழுந்து போனதில் இருந்தது. பவுல் அதைத் தனியே அழைத்துச் சொல்லாமல், எல்லார் முன்னிலையிலும் முகமுகமாய்க் கடிந்துகொண்டான். வேதாகமக் கல்லூரியில் நாங்கள் இப்பகுதியை 'விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல்' என்ற தலைப்பின்கீழ்ப் படித்தோம். தலைப்பு சரிதான். ஆனால் அந்த உபதேசம் ஒரு சாப்பாட்டு மேசையின்மேல் எழுந்தது என்பதை எங்கள் குறிப்பேடுகள் அவ்வளவாய்ச் சொல்லவில்லை.

நம்மவர்களுக்கு இத்தகைய கடைகளில் இரண்டு தயக்கங்கள் உண்டு. அவற்றையும் பேசிவிடுகிறேன்.

முதலாவது, கல்லாப்பெட்டிக்கு மேலே படமும் விளக்கும் இருக்கிற கடையில் விசுவாசி உண்ணலாமா என்பது. கொரிந்து பட்டணத்து விசுவாசிகளுக்கு இருந்த கேள்வியும் இதுவே. அங்கே சந்தையில் விற்ற இறைச்சியில் பெரும்பகுதி கோவில்களின் வழியாக வந்தது. முதலாம் கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்தில் பவுல் தருகிற ஆலோசனை மிகவும் நடைமுறையானது: கடையில் விற்பதையும் அழைத்தவன் வீட்டில் வைப்பதையும் துருவிக் கேட்காமல் உண்டு போங்கள், இது படையல் என்று ஒருவன் வெளிப்படையாய்ச் சொன்னால் மாத்திரம், அவன் பொருட்டு விட்டுவிடுங்கள். சுவரிலுள்ள படத்திற்குப் பயந்து அருகிலிருக்கும் மனிதரை விட்டு ஓடச் சொல்லவில்லை. ஜெபித்து உண்ணுங்கள். அந்த ஜெபத்தை மேசைக்கடியில் கைகளை மறைத்துக்கொண்டு செய்யவும் வேண்டாம். கடை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி உரத்த சத்தமாய்ச் செய்யவும் வேண்டாம். வித்துராவில் நான் தலைகுனிந்தபோது, பரிமாறவந்தவர் நான் நிமிரும்வரை கறிக்கரண்டியோடு பொறுத்து நின்றார்.

இரண்டாவது, மாட்டிறைச்சி. பொரோட்டாவும் மாட்டிறைச்சியும் கேரளத்துச் சாயக்கடைகளில் அன்றாட உணவு. உங்களுக்கு விருப்பமில்லையெனில் கேட்காதிருங்கள். அருகிலிருப்பவர் உண்டால் மூக்கைச் சுளிக்காதிருங்கள். ரோமர் பதினான்காம் அதிகாரம் இருக்கையில் இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஓர் எச்சரிப்பு: கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'கள்ளு' என்றும் ஓர் எண்ணும் எழுதியிருந்தால் அது சாயக்கடையல்ல. அங்கே மீன்கறி மிகவும் ருசியாயிருக்கும் என்று உங்கள் வண்டியோட்டுநர் சொல்லுவார். ருசி இருக்கட்டும்; வண்டியை நிறுத்த வேண்டாம்.

வாசற்பக்கத்து இரும்புக் கல்லின்முன் நின்று பொரோட்டா வீசுகிற பையனைக் கவனித்தீர்களா? மாவைத் துணிபோல் விரித்து, சுருட்டி, தட்டி, கல்லில் இட்டு, வெந்த நான்கைந்தைச் சேர்த்து இரு கைகளாலும் அடித்து இதழ் பிரிக்கிறான். இந்த வேலையை முன்பு உள்ளூர்க்காரர்கள் செய்தார்கள். இன்று பெரும்பாலும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் செய்கிறார்கள். கேரளத்தில் அயல்மாநிலத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் என்று 2013-இல் குலாத்தி நிதி வரிவிதிப்பு நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. அரசாங்கம் அவர்களை 'அதிதித் தொழிலாளர்' என்கிறது. விருந்தாளித் தொழிலாளி என்று பொருள். அழகிய பெயர். விருந்தாளி என்றால் முதலில் சாப்பிட வேண்டுமே! நான் சென்ற கடையில் இருந்த பையனிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். அவன் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சிரித்தான். கடை அடைத்த பிறகுதான் என்றான். அஸ்ஸாமில் அவனுடைய தாய் நெல் வயலில் வேலை செய்கிறார்களாம். இங்கே அவன் சோற்றுக்கு ஏங்குகிறானாம். கேரளத்துப் பருத்த புழுங்கலரிசி அவனுக்கு இன்னும் தொண்டையில் இறங்கவில்லையாம்.

வாசகரே, இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வருவது எந்த முகவரிக்கு? அதுவும் பிழைக்கவந்த ஊரின் முகவரிதானே. தாராவியிலும் அம்பத்தூரிலும் நீங்கள் முதல் மாதம் என்ன உண்டீர்கள் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. உங்கள் குடியிருப்பின் கீழேயுள்ள கடையில் தேநீர் கொண்டுவரும் பையனின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கு வித்துராவில் அந்தப் பையனின் பெயர் தெரிந்தது. கேட்டவுடன் சொன்னான், அதைக் கேட்டவர்கள் அதிகமில்லை என்பது அவன் சொன்ன வேகத்திலேயே விளங்கியது.

அன்று என் எதிரில் ஒரு முதிய தாயார் வந்து அமர்ந்தார்கள். வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை. "ஒரு கப்பை, மீன் சாறு மட்டும் மதி" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார்கள். மீன் துண்டு வேண்டாம், குழம்பு போதும் என்பது அதன் பொருள். தட்டு வந்தது, சாற்றுக்குள் ஒரு துண்டு மீனும் இருந்தது. அந்த அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, கல்லாவில் இருந்தவரைப் பார்த்தார்கள். அவர் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் எது என்று விசாரித்தேன். "போணக்காடு, ஐயா" என்றார்கள். வித்துராவிலிருந்து காட்டுவழியே மலையேறிச் சென்றால் வருகிற தேயிலைத் தோட்டம் அது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி பெற்றுத்தான் அயலார் செல்ல முடியும். ஆண்டுதோறும் அகத்தியர்கூட மலைக்கு ஏறுகிறவர்கள் அங்கிருந்தே புறப்படுகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் காடு திருத்தித் தேயிலை நட்டபோது, தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாய் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளுக்கு இலங்கையில் சொல்லுகிறபடியே இங்கும் லயம் என்றுதான் பெயர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அத்தோட்டம் தடுமாறியது. கூலி நின்றது, தேயிலைத் தொழிற்சாலை மூடிப்போனது. இளையவர்கள் பட்டணங்களுக்கு இறங்கிப் போனார்கள். போக இடமில்லாதவர்கள் ஒழுகும் லயங்களிலேயே தங்கிவிட்டார்கள். அந்தத் தாயார் லயத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கொழுந்து பறிக்கத் தொடங்கியவர்களாம். மகன் திருப்பூரில் இருக்கிறானாம். மருந்து வாங்குவதற்காக மலையிறங்கி வந்திருந்தார்கள்.

"கூலி நின்ன சமயத்துல, ஐயா, எங்க லயத்துக்காரங்க முழுக்க இந்தக் கடையிலதான் பற்று வச்சோம். இவரோட அப்பா இருந்தாரு அப்ப. எழுதிக்கிட்டே இருப்பாரு. ஒரு நாளும் கேட்டதில்ல. நாங்கதான் வெக்கப்பட்டு வேற வழியா பஸ் ஏறப் போவோம். ஆளு விட்டுக் கூப்பிடுவாரு, வந்து சாப்பிட்டுப் போகச் சொல்லி."

எத்தனை பேர் அவ்வாறு உண்டார்கள் என்று கேட்டேன். அந்த அம்மா விரல்களை மடக்கிப் பெயர் பெயராகச் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு கை முடிந்து மறுகைக்கு வந்தபோது, பாதிப்பேர் இறந்துபோனவர்கள் என்பது எனக்குப் புரிந்தது. திபேரியா கடற்கரையில் உயிர்த்தெழுந்த கர்த்தர், இராமுழுதும் உழைத்து வெறுமையாய் வந்தவர்களுக்குக் கரிநெருப்பில் மீனை வைத்து, உண்ண அழைத்த காட்சி யோவான் 21-இல் இருக்கிறது. அவரை மறுதலித்தவனும் அந்தப் பந்தியில் இருந்தான். முதலில் சாப்பாடு, அதன் பிறகுதான் அவனிடம் கேள்வி.

இத்தகைய கடைகளில் கணக்குச் சொல்லும் முறையை நீங்கள் அறிந்துகொள்ளுவது நல்லது. ஜப்பானியக் கடையைப்போல் முன்னதாகச் சீட்டு எடுப்பதில்லை. நம் நகரத்து ஓட்டல்களைப்போல் அச்சிட்ட பில்லும் வருவதில்லை. கண்ணாடி அலமாரியிலிருந்து நீங்களே வடையை எடுத்துக்கொள்ளுவீர்கள். உண்டு முடித்துக் கைகழுவி, கல்லாவின்முன் நின்று, இன்னின்னது இத்தனை என்று நீங்களே வாயால் சொல்ல வேண்டும். கைப்பேசியால் பணம் அனுப்பும் அட்டை இன்று கல்லாவின்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் எண்ணிக்கையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடைக்காரர் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் உங்களுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நானும் சென்று நின்றேன். "ஒரு கப்பை, மீன்கறி, இரண்டு சாயா, ஒரு ஏத்தக்காயப்பம்" என்று சொல்லிவிட்டு, "அந்த அம்மாவுடையதும்" என்று சேர்த்தேன். அவர் என்னுடைய தொகையை மாத்திரம் எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கையில் வைத்தார்.

"அது நோட்டில உண்டு, அண்ணா."

பெட்டிக்குள்ளிருந்து நீண்ட, அட்டை கிழிந்த கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்தார். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, இரண்டு சொற்கள் எழுதினார், விலை எழுதவில்லை. வெளியே போணக்காட்டுப் பேருந்து ஒலி எழுப்பிற்று. பையன் கல்லை விட்டு ஓடிவந்து, வாழையிலையில் பொதிந்த ஒரு பொட்டலத்தை அந்தத் தாயாரின் துணிப்பைக்குள் வைத்தான். அவர்கள் படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, லயத்தில் மாலை ஜெபத்திற்கு ஆறேழு பேராவது கூடுவோம் ஐயா, அடுத்தமுறை மேலே வாருங்கள், கப்பை நாங்களே அவிப்போம் என்றார்கள்.